பின்தகட்டில் ஒரு துளை

மலாங் நகரில் ரயில் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகை முடிந்த கையோடு, வர்ஸினி வீட்டு முன்னறையில் க்ரொன்சோங் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிடும். ஒரு வயலின், ஒரு புல்லாங்குழல், சாக், சுக் என்று இரண்டு குட்டி கிதார்கள், ஒரு பெரிய கிதார், ஒரு செல்லோ, பாடுவதற்கு இரண்டு மூன்று பேர். எல்லோரும் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இல்லையென்றால் அவர்களுடைய வீட்டுக்காரர்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே வர்ஸினியின் கணவர் தன் பந்தயப் புறாக்களைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். முப்பது வருடமாக அப்படித்தான். அவருக்குப் பாட்டு பிடிக்காது என்றில்லை, ஒரே பாட்டைப் பதினொரு தடவை கேட்கப் பிடிக்காது.

வர்ஸினிக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. அவள் இடம் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், ஒரு மணைப்பலகையின்மேல். யாருடைய மைக் கம்மியாக இருக்கிறது, யார் வாயை மைக்குக்குள்ளேயே வைத்துப் பாடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் குமிழைத் திருப்புவதுதான் அவள் வேலை. அந்த ஆம்ப்ளிஃபயர் கடையில் வாங்கியதும் இல்லை. எழுபத்தேழாம் வருடம் அவளும் மர்சூடியும் சேர்ந்து செய்தது. இருவரும் அப்போது நிலையத்தில் இயந்திர அறையில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தார்கள். அவளுக்கு முப்பத்தொன்று, அவருக்கு நாற்பது. அவர் செல்லோ வாசிப்பவர். க்ரொன்சோங்கில் செல்லோவை வில்லால் இழுப்பதில்லை, விரலால் தட்டித் தட்டி மத்தளம்போலப் பேசவைப்பார்கள். அதில் அவரை மிஞ்ச மலாங்கில் ஆள் இல்லை என்று குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய மனைவி கதர்வாத்திதான் அந்தக் காலத்தில் குழுவின் பாடகி.

கல்யாண வீடுகளில் கதர்வாத்தியின் குரல் நாலாவது வரிசைக்கு மேல் போகவில்லை என்பதால்தான் ஆம்ப்ளிஃபயர் யோசனையே வந்தது. கொம்போரான் சந்தையில் பழைய சாமான் குவியலைக் கிளறி, ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ட்ரான்சிஸ்டர்கள், சுண்டுவிரல் தடிமனுக்குக் கம்பிச் சுருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பெட்டி தேக்குப் பலகையில் தச்சர் செய்து கொடுத்தது. பின்பக்கம் மட்டும் அலுமினியத் தகடு. வேலை முடிந்து சாயங்காலம் மர்சூடி வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து சூடு வைத்து ஒட்டுவார்கள். கதர்வாத்தி தெம்பே என்கிற புளித்த சோயா வில்லைகளைப் பொரித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து பாடுவாள். வர்ஸினிக்கு இன்றைக்கும் ஈயம் உருகும் வாசனை வந்தால் கூடவே தெம்பே வாசனையும் வந்துவிடும்.

முதல்முறை சுவிட்சைப் போட்டபோது குரலை விட உறுமல்தான் பெரிதாக வந்தது. ம்ம்ம் என்று, அடைமழைக்கு முன் அரிசி ஆலை ஓடுவதுபோல. வர்ஸினி இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு கம்பியை இடம் மாற்றுவாள், இன்னொன்றை முறுக்குவாள், மூன்றாவதைப் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் ஒட்டுவாள். பதினைந்தாம் நாள் உறுமல் நின்றது. சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நிசப்தத்தைப்போல அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்ட விஷயம் வேறு இல்லை.

அப்போதுதான் மர்சூடி இன்னொன்று கேட்டார். பின்தகட்டில் ஒரு துளை போட்டு, உள்ளே வருகிற பாட்டை, பெரிதாக்குவதற்கு முன்னால், வந்தபடியே இன்னொரு வழியாக வெளியே விட்டால் என்ன? ஒரு லைன் அவுட். அதில் கேசட் ரெக்கார்டரைச் செருகிப் பதிவு செய்துகொள்ளலாம். கேட்டதோடு நிற்கவில்லை, அவளைக் கேட்காமலே துளையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வர்ஸினிக்குக் கோபம் வந்தது, ஆனாலும் மாஸ், அதாவது அண்ணா, என்கிற மரியாதையை விடவில்லை.

"ஒரு கம்பி சேர்த்தா ஒரு சத்தம் சேரும், மாஸ். ரெண்டு வாரமா இதுகிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தது நானு. இனிமே இதுல ஒரு கம்பி ஏறாது."

மர்சூடி சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவள் துளையில் ஒரு ரப்பர் மூடியை அழுத்தி அடைத்தாள். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருமுறை யாரோ ஜன்னல் ஓரத்தில் சின்ன ரெக்கார்டரை வைத்துப் பதிந்தார்கள். அதில் கதர்வாத்தியின் பாட்டைவிடச் சந்தில் போன மோட்டார் சைக்கிள்களும் கோழிகளும்தான் கேட்டன. அந்தக் கேசட்டின் மேலேயே அப்புறம் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள்.

எண்பத்தைந்தில் கதர்வாத்தி சிறுநீரகம் கெட்டு நான்கே மாதத்தில் போய்விட்டாள். ஏழாம் நாள் ஓதுவதற்கு வந்திருந்தவர்களில் ஒருவர், சும்மா பேச்சுவாக்கில், அந்தம்மா பாடின கேசட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கையில் தேநீர்த் தட்டோடு வர்ஸினி வாசற்படியில் நின்றிருந்தாள். மர்சூடி இல்லை என்று ஒரே சொல்லில் சொன்னார். அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து பதினெட்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வந்து செல்லோ வாசித்தார், அவள் குமிழைத் திருப்பினாள், அந்தப் பேச்சு மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் வரவே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் பிப்ரவரியில் மர்சூடிக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்தது. குளியலறையில் சாய்ந்தவரை மகள் ரெட்னோதான் தூக்கினாள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பேச்சு கொஞ்சம் கொழகொழத்தாலும் புரிந்தது. வலது கை நன்றாக இருந்தது. இடது கையும் காலும் அசையவில்லை. அவர் வீடு அதே சந்தில் எதிர்ச்சாரியில் நான்கு வீடு தள்ளி. ஆனாலும் படுக்கையிலிருந்து அந்த நான்கு வீட்டைக் கடக்க முடியாது. செல்லோவுக்குப் ப்ராப்தோ என்று ஒருவரைப் பிடித்தார்கள். தபால் நிலையத்துக்காரர், பயந்த சுபாவம், கை கொஞ்சம் வேகம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு ரெட்னோ வந்தாள். அவள் வர்ஸினியைச் சின்னம்மா முறை வைத்துப் பூலிக் என்றுதான் கூப்பிடுவாள். அப்பா நாலு மணி ஆனதும் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார், காற்று எதிர்ப்பக்கம் அடிப்பதால் ஒன்றும் கேட்கவில்லை, ஒலிபெருக்கியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டாள். வைத்தார்கள். சத்தத்தையும் கூட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. வயலின் வாசிக்கும் ஜுமாலிதான் குழுவுக்குத் தலைவர். வாசலில் நின்றுகொண்டு, இது பயிற்சியா இல்லை தேர்தல் பிரச்சாரமா என்று முணுமுணுத்தார்.

மறுநாள் வர்ஸினி போய்ப் பார்த்தாள். கேட்டதா என்றாள்.

"பெரிய கிதார் மட்டும் கேட்டுது, ஜெங்," என்றார் மர்சூடி. தன்னைவிட இளைய பெண்ணை மரியாதையோடு கூப்பிடும் பழைய வழக்கத்தை அவர் விடவே இல்லை. "பாட்டு வரல. கல்யாண வீட்டு வாசல்ல நின்னு வாசனை மட்டும் பிடிச்சுட்டு வந்த மாதிரி இருந்துது."

ஒலிபெருக்கிக் கம்பியையே நீளமாக இழுத்து அவர் அறையில் இன்னொன்று மாட்டிவிடலாம் என்று ஜுமாலி சொன்னார். வர்ஸினி அதற்கு ஒப்பவில்லை. அப்படிச் செய்தால் இங்கே கூட்டினால் அங்கே காது கிழியும், இங்கே குறைத்தால் அங்கே செத்துப்போகும். படுத்திருப்பவர் தன் இஷ்டத்துக்குக் கேட்க வேண்டும் என்றால் பாட்டு அவருக்கு வந்தபடியே போக வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் இருக்க வேண்டும். அவரிடம் பழைய கேசட் டெக் ஒன்று, அதற்கென்று சின்ன ஆம்ப்ளிஃபயரோடு, கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குள் செருகிவிட்டால் போதும். பதியவும் செய்யலாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போதே, தான் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, தேநீர் ஆறிப்போகிறது என்று எல்லோரையும் குடிக்கச் சொன்னாள்.

புதன்கிழமை பெட்டியை மேசைமேல் ஏற்றித் திருகுகளைக் கழற்றினாள். மேல்பலகை எடுத்ததும் சூடான தூசியும் பழைய ஈயமும் கலந்த வாடை வந்தது. உள்ளே மர்சூடியின் கை எது, தன் கை எது என்று ஒட்டுகளைப் பார்த்தே அவளால் சொல்ல முடிந்தது. அவருடையவை உருண்டையாக, தாராளமாக இருந்தன. அவளுடையவை கஞ்சத்தனமாகச் சின்னச் சின்னதாக இருந்தன. ஓரிடத்தில் இருவருடையதும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. அங்கே ஏதோ தகராறு நடந்திருக்க வேண்டும், என்ன என்று நினைவில்லை.

எங்கே பிரிப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மைக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகு, சத்தக் குமிழுக்கு முன்னால். நேராக அங்கிருந்து கம்பி இழுத்துப் பார்த்தாள். வெளியே எதையாவது செருகியதும் இங்கே பாட்டு இளைத்துப்போயிற்று, குழாயில் பாதித் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரன் இழுத்துக்கொண்டதுபோல. அதனால் நடுவில் ஒரு சின்ன ட்ரான்சிஸ்டரைக் காவலுக்கு வைத்தாள். அந்தப் பக்கம் என்ன மாட்டினாலும் இந்தப் பக்கம் தெரியாது. கண்ணாடி போட்டும் கண் மங்கியது. ஒட்டு விழுந்த இடத்தை விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் பின்தகட்டின் ரப்பர் மூடியைக் கத்தி முனையால் நெம்பினாள். இருபத்தாறு வருடத்தில் அது கல்லாக இறுகியிருந்தது, தூள்தூளாக உதிர்ந்து வந்தது. சாக்கெட் அந்தத் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

கொம்போரானில் ஒன்றோடொன்று முறுக்கிய தொலைபேசிக் கம்பி ஐம்பது மீட்டர் வாங்கினாள். தொலைபேசிக்காரியான அவளுக்கு வேறு கம்பியில் நம்பிக்கை இல்லை. சந்தின் குறுக்கே இரண்டு மூங்கில் நட்டு, நான்கு வீட்டுக் கூரை விளிம்புகளில் கட்டிக் கட்டி, மர்சூடியின் ஜன்னல் வழியாக உள்ளே விட்டாள். கூரைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து யோசனை சொன்னார்கள். ஒருவர் ஏணி கொடுத்தார். துணி காயப்போட வசதியாக இன்னும் கொஞ்சம் தாழ்வாகக் கட்டக் கூடாதா என்று ஒரு பெண்மணி கேட்டாள்.

ஞாயிறன்று வர்ஸினி தன் வீட்டில் உட்காரவில்லை. குமிழைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு பாடகியிடம் சொல்லிவிட்டு, மர்சூடியின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். நாலு மணிக்கு டெக்கை இயக்கினாள்.

ம்ம்ம் என்றது.

பாட்டும் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உறுமல்தான் மேலே நின்றது. அதே பழைய உறுமல். இருபத்தாறு வருடம் எங்கேயோ காத்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியதுபோல அறையில் நிறைந்தது. வர்ஸினி ஒரு முனையைக் கழற்றி மாற்றிச் செருகினாள். போகவில்லை. இரண்டு வீட்டு மின்சாரமும் ஒரே கம்பியில் முட்டிக்கொள்கின்றன என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன, கையில் மருந்து இல்லை.

கட்டிலில் மர்சூடி சிரித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் மட்டும் சிரித்தது.

"அன்னிக்கே சொன்னீங்க. ஒரு கம்பி சேர்த்தா ஒரு சத்தம் சேரும்னு."

அவர் அதை மறக்கவில்லை. சொல்லுக்குச் சொல் வைத்திருந்தார். வர்ஸினி நாற்காலியில் உட்கார்ந்தாள். திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டாள். டெக்கின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பதினெட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நான் மட்டும் அன்னிக்கு அந்தத் துளையை அடைக்காம இருந்திருந்தா, கதர் அக்கா குரல் இன்னிக்கு இருந்திருக்கும், மாஸ். எனக்குச் சத்தம் வரக் கூடாதுன்னு பெருமை. அந்தப் பெருமையில உங்களுக்கு ஒண்ணும் இல்லாம பண்ணிட்டேன்."

மர்சூடியின் சிரிப்பு நின்றது.

"நான் அவ பாட்டைப் பதியக் கேட்டேன்னு யாரு சொன்னா?"

"பின்ன எதுக்குக் கேட்டீங்க?"

"என் செல்லோவைக் கேக்க. சோலோ ஊர்லேர்ந்து ஒருத்தன் வந்திருந்தான், ஞாபகம் இருக்கா? ஓரமா கூப்பிட்டு, நீ வாசிக்கிறது கிணத்துத் தவளை மாதிரி இருக்குன்னான். வாசிக்கிறவனுக்குத் தன் சத்தம் சரியாத் தெரியாது. நிஜமான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துது. அவ்வளவுதான்." வார்த்தைகள் நாக்கில் சிக்கிச் சிக்கி வந்தன. "அவளைப் பத்தி நெனைக்கவே இல்லை, ஜெங். தினம் அடுப்படியில பாடுறா. எங்கே போயிடப்போறான்னு இருந்துட்டேன்."

அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"ஏழாம் நாள் அன்னிக்கு அந்த ஆளு கேட்டப்போ நீங்க தட்டோட நின்னீங்க. ஓரக்கண்ணால உங்க முகத்தைப் பார்த்தேன். பழியை நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு தெரிஞ்சுது. எனக்கு அது வசதியா இருந்துது."

"தெரியுமா?" என்றாள். "பதினெட்டு வருஷமா தெரியுமா?"

"தெரியும்."

அவள் எழுந்தாள். திருப்புளி தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. வாசலில் ரெட்னோ பொரித்த வாழைப்பழத் தட்டோடு எதிரே வந்தாள். இப்போது வேண்டாம் என்று கையால் சைகை செய்துவிட்டு நான்கு வீட்டையும் கடந்து வந்து, பயிற்சி நடந்துகொண்டிருந்த முன்னறை வழியாகவே உள்ளே போய்ப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குள் கோபம் கொதித்தது. அரிசி களையும்போது கொதித்தது, கூட்டும்போது கொதித்தது. எத்தனை ஞாயிறுகள். கதர்வாத்தியின் பாட்டு ஏதாவது வரும்போதெல்லாம் குமிழைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது எத்தனை முறை. அதையெல்லாம் மூன்றடி தூரத்தில் செல்லோவை அணைத்தபடி அந்த மனிதர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

ஆனால் கோபம் ஒரு பக்கம் இருக்க, உறுமல் இன்னொரு பக்கம் அவளை அரித்தது. அவள் செய்த பெட்டியிலிருந்து ஒரு வீட்டுக்குள் உறுமல் போகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கொம்போரானுக்குப் போனாள். தொலைபேசி நிலையங்களில் கழித்த சாமான்கள் வந்து சேரும் கடை ஒன்று உண்டு. அங்கே தகர டப்பாவுக்குள் விரலால் கிளறி, தீப்பெட்டி அளவு ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்தாள். இரண்டு சுருள்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல். குரல் மட்டும் தாண்டிப் போகும், மின்சாரச் சச்சரவு தாண்டாது. வேலையில் இருந்த காலத்தில் இதுபோல ஆயிரம் மாட்டியிருப்பாள். ஊரையும் ஊரையும் இணைக்கும் கம்பிக்கெல்லாம் இதுதான். முதலிலேயே தோன்றாமல்போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். சனிக்கிழமை அதைத் தன் வீட்டு முனையிலேயே, பெட்டிக்கும் கம்பிக்கும் நடுவில், ஒட்டி முடித்தாள். மர்சூடி வீட்டுக்குப் போகவில்லை.

ஞாயிறன்று தன் மணைப்பலகையில் உட்கார்ந்து குமிழைத் திருப்பினாள். அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ரெட்னோவைக் கேட்டனுப்பவும் மனசு வரவில்லை. மூன்று பாட்டு முடிந்தது. நான்காவது பாட்டுக்கு ஜுமாலி வயலினைத் தோளில் வைக்கும்போது ரெட்னோ ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்து நோட்டுத் தாள். நன்றாக இருந்த வலது கையால் எழுதியது, ஆனாலும் படுத்துக்கொண்டு எழுதியதால் வரிகள் கீழே சரிந்திருந்தன.

"உறுமல் இல்லை. டெக் ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ப்ராப்தோ இரண்டாவது சரணத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார், மெதுவாகப் போகச் சொல்லவும். ஆனால் அவர் வாசிப்பு தவளை மாதிரி இல்லை. எனக்குத்தான் அந்தப் பெயர்."

வர்ஸினி படித்துவிட்டுத் தாளை மடித்தாள். சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ப்ராப்தோவிடம் போய், இரண்டாவது சரணத்தில் நிதானம் என்றாள். யார் சொன்னது என்று அவர் கேட்டார். அவள் கம்பியைக் காட்டினாள். ப்ராப்தோ அன்று முழுக்க அந்தக் கம்பியைப் பார்த்தபடியே வாசித்தார்.

மறுநாள் அவளே போனாள். மன்னிப்பு, சமாதானம் என்று இருவரும் எதுவும் பேசவில்லை. போனதும் நேராக டெக் பக்கத்தில் உட்கார்ந்து, பதிந்ததைப் போடச் சொன்னாள். கேட்டார்கள். புல்லாங்குழலின் மூச்சுகூடக் கேட்டது. யாரோ நடுவில் இருமியதுகூட இருந்தது, அது ஜுமாலிதான் என்று இருவருக்கும் தெரிந்தது. மெதுவான பழைய பாட்டு ஒன்று வந்தபோது மர்சூடி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்துல அவ இப்படிப் பாடமாட்டா. தாளம் போயிடும், அவ வரமாட்டா. வருவா வருவான்னு எல்லாரும் கழுத்தை நீட்டிக்கிட்டு இருப்போம். அப்புறமா சாவகாசமா வருவா."

"சந்தைக்குப் போயிட்டு வர்ற மாதிரி," என்றாள் வர்ஸினி.

"ஆமா. கூடையோட."

அவர் மறுபடி போடச் சொன்னார். அந்த இடம் வந்ததும் இருவரும் பேசாமல் காத்திருந்தார்கள். பாடகி தாளத்தோடு சரியாக வந்து சேர்ந்தாள். அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த கதர்வாத்தியின் குரல் அதற்குச் சற்றுப் பின்னால், யாருக்கும் கேட்காமல், வந்தது. இன்னும் இரண்டு மூன்று பாட்டுகளில் இப்படி அவள் எங்கே தாமதிப்பாள், எங்கே ஒரு சொல்லை விழுங்குவாள், அடுப்பில் எண்ணெய் சீறினால் எந்த வரியில் குரலை உயர்த்துவாள் என்று சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள். ரெட்னோ வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா பாடும்போது எண்ணெய் சீறியதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இல்லை. இன்னும் சொல்லுங்கள் என்று அவள்தான் விடாமல் கேட்டாள். அதற்கப்புறம் திங்கட்கிழமைகளில் மூவரும் சேர்ந்து கேட்பது வழக்கமாகிவிட்டது.

ரமதான் வந்தது, பயிற்சி ஒரு மாதம் நின்றது. அந்த மாதத்தில் மருத்துவமனையிலிருந்து வந்துபோன பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்து செய்து, மர்சூடி சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறினார். பெருநாள் முடிந்து குழு மறுபடி கூடிய முதல் ஞாயிறு, எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முடித்த பிறகு, நான்கு பேர் எழுந்துபோய் அவரைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஜுமாலி, பின்னால் ப்ராப்தோ, இருபக்கமும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள். தெருவில் குழந்தைகள் ராஜா வருகிறார் என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். புதுச் சட்டையும் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர் கையை அசைத்தார்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், வர்ஸினியின் மணைப்பலகைக்கு அருகில், நாற்காலியை இறக்கினார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த அறை நிறைந்திருந்தது. ப்ராப்தோ செல்லோவை அவர் பக்கம் நீட்டினார். மர்சூடி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வலது கையை மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் வைத்துக்கொண்டார். பாட்டு தொடங்கியது. அவர் விரல்கள் பிரம்பின்மேல் ப்ராப்தோவுக்கு இணையாகத் தட்டின, சில இடங்களில் அவரை முந்தாமல் பின்னால் இழுத்துப் பிடித்தன. ப்ராப்தோ அதைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். அன்று அவர் ஓடவில்லை.

இரண்டு பாட்டு முடிந்ததும் எல்லோரும் மர்சூடியின் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லுவார், கண் கலங்குவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஜுமாலி கைக்குட்டையைக்கூட வெளியே எடுத்துவிட்டார். மர்சூடி வர்ஸினியின் பக்கம் சாய்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எதிரே இருந்த மைக் திறந்திருந்ததால் சந்து முழுக்கக் கேட்டது.

"ஜெங், கோவிச்சுக்காதீங்க. என் ரூம்லயே இதைவிட நல்லாக் கேட்டுது."